வளரும் பெண், வளரும் பாவாடை

மாணவர்களே, போன ஆண்டுச் சீருடையை இந்த ஆண்டு போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? துணி நன்றாகத்தான் இருக்கும். நீளம்தான் போதாது.

என் வகுப்பில் படிவம் இரண்டு மாணவி ஒருத்தி, சீருடைப் பாவாடையின் அடிமடிப்பைப் பிரித்து நீளமாக்கி அணிந்து வந்தாள். பழைய மடிப்பு இருந்த இடத்தில் மட்டும் அடர்நீலப் பட்டை ஒன்று தெரிந்தது. யாரும் பார்த்துவிடக் கூடாதென்று கடைசி வரிசையில் போய் அமர்ந்துகொண்டாள். அவளிடம் தனியாகச் சொன்னதை, அவள் சம்மதத்தோடு உங்களுக்கும் சொல்கிறேன்.

வெயிலின் புற ஊதாக் கதிர்கள் சாய மூலக்கூறுகளின் பிணைப்புகளை உடைப்பதால் துணி வெளிறுகிறது. மடிப்புக்குள் மறைந்திருந்த பகுதியில் வெயில் படவில்லை; அதனால் பழைய நிறம் அப்படியே இருக்கிறது. அந்தப் பட்டை கறையல்ல. அவள் வளர்ந்ததற்கான அளவுகோல்.

பெண்கள் பருவமடைவதற்குச் சற்று முன்புதான் மிக வேகமாக உயர்கிறார்கள். அப்போது ஓராண்டில் சுமார் 8 சென்டிமீட்டர் வரைகூட உயரலாம். முதல் மாதவிடாய்க்குப் பிறகு உயரும் வேகம் குறைகிறது. ஈஸ்ட்ரோஜன் எனும் இயக்குநீர் இடுப்பை அகலமாக்குகிறது. எலும்பு முனைகளிலுள்ள வளர்ச்சித் தட்டுகளையும் மெல்ல மூடுகிறது.

இப்போது நம் பாட்டிமார் அணிந்த உடைகளை நினைத்துப் பாருங்கள். சிறுமியின் பாவாடையில் டக் பிடித்துத் தைப்பார்கள். 2 சென்டிமீட்டர் ஆழமுள்ள ஒரு டக், 4 சென்டிமீட்டர் துணியை ஒளித்து வைத்திருக்கும். அவள் வளர வளர ஒவ்வொன்றாகப் பிரித்துவிடுவார்கள். பருவமடைந்த பிறகு தாவணி வரும். அது தைக்காத துணி. உடல் எப்படி மாறினாலும் பொருந்தும். பாவாடையின் நாடா, இடுப்புக்கு ஏற்பத் தளரும். அம்மாவின் பழைய புடவை ஒன்றை இரண்டாகக் கிழித்தால் இரண்டு தாவணி கிடைக்கும். உயரும் வயதுக்கு டக், அகலும் வயதுக்குத் தாவணி!

இதே சிக்கலுக்கு லண்டனில் விமானப் பொறியியல் படித்த ரயன் மாரியோ யாசின் வேறொரு விடை கண்டார். அவருடைய 'பெட்டி பிளி' குழந்தை உடைகளில் நுண்ணிய மடிப்புகள் உண்டு. நீளவாக்கில் இழுத்தால் அகலவாக்கிலும் விரியும்; குழந்தையோடு சேர்ந்து உடையும் பெரிதாகும். அதற்காக 2017இல் ஐக்கிய இராச்சியத்துக்கான ஜேம்ஸ் டைசன் விருது பெற்றார்.

ஏன் இவ்வளவு அக்கறை? ஒரு பருத்தி டி-சட்டைக்கு, பருத்திச் செடி வளர்ப்பதையும் சேர்த்து, ஏறத்தாழ 2,700 லிட்டர் நீர் செலவாவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். பாலியெஸ்டரோ பெட்ரோலியத்திலிருந்து வரும் நெகிழி; எளிதில் மட்காது. ஓர் உடையை இன்னும் ஓராண்டு உடுத்தினால், புதிதாக ஒன்று வாங்கும் தேவையும் ஓராண்டு தள்ளிப்போகும்.

தீபாவளிக்கு ஜொகூர் பாரு லிட்டில் இந்தியாவில் பாவாடை தாவணி வாங்கப் போனால், பாவாடையை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். அடியில் எத்தனை சென்டிமீட்டர் மடித்துத் தைத்திருக்கிறார்கள்? மடிப்பே இல்லையென்றால், அடுத்த ஆண்டு அது உங்களுக்கு உதவாது.

செய்து பாருங்கள்: ஆறு மாத இடைவெளியில் இருமுறை உங்கள் உயரத்தை அளந்து குறியுங்கள். அதே வேகத்தில் வளர்ந்தால், இரண்டு ஆண்டுகள் உடுத்த ஒரு பாவாடைக்கோ காற்சட்டைக்கோ எவ்வளவு கூடுதல் துணி வேண்டும்? கணக்கிட்டுத் தையற்காரரிடம் சொல்லுங்கள்.

அந்த மாணவி இப்போது முன்வரிசையில் அமர்கிறாள். அவள் பாவாடையில் இன்னொரு மடிப்பு மிச்சமிருக்கிறதாம்.