சத்தம் போட்டு உறிஞ்சுங்கள்!

தேநீரைச் "சர்" என்று உறிஞ்சினால் வீட்டில் பெரியவர்கள் அதட்டுவார்கள். ஆனால் அப்படி உறிஞ்சுவதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்! குன்னூரில் 1963-ம் ஆண்டு முதல் தேயிலை ஏலம் நடந்து வருகிறது. ஏலத்துக்கு வரும் தூளை ருசி பார்த்துத் தரம் சொல்வதுதான் அவர்கள் வேலை. ஒரே நாளில் நூற்றுக்கணக்கான கோப்பைகள். விழுங்கினால் தாங்குமா? துப்பிவிடுவார்கள்.

பிரான்சு நாட்டில் சிவப்புத் திராட்சை மதுவையும் இப்படித்தான் சோதிக்கிறார்கள். நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பு இரண்டிலும் உண்டு. மதுவுக்கு அது திராட்சையின் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வருகிறது. தேநீருக்குக் கொழுந்திலிருந்து வருகிறது.

இரண்டு இலை, ஒரு மொட்டு

நீலகிரி மாவட்டம் கீழ் கோத்தகிரி. மலைச்சரிவு எங்கும் தேயிலைதான். பெரிய எஸ்டேட்டுகளும் உண்டு. ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்துக்கொண்டு பச்சைத் தேயிலையைத் தொழிற்சாலைக்கு விற்கும் சிறு விவசாயிகளும் உண்டு. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கையால் கிள்ளினால் மணம் நிற்கும். கத்தரியால் வெட்டினால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் முற்றிய இலையும் தண்டும் சேர்ந்துவிடும்.

மார்கழி, தை மாதக் குளிரில் செடி மெதுவாக வளரும். அப்போது பறித்த தூளுக்குத் தனி வாசனை. ஆனால் அதே குளிர் உறைபனியாக விழுந்தால் கொழுந்து கருகிப் போகும்!

இவ்வளவு பாடுபட்டு வந்த தூளை நாம் எப்படி வாங்குகிறோம்? "சாயம் நன்றாக இறங்குகிறதா?" என்று கேட்டு! அதனால்தான் சிலர் மட்டமான தூளில் சாயத்தைக் கலந்து விற்கிறார்கள். கிள்ளிப் பறித்தவருக்குக் கிடைக்கவேண்டிய விலை சாயம் கலந்தவருக்குப் போகிறது.

வீட்டில் சோதிப்பது எப்படி?

முதலில் சாயச் சோதனை. மை ஒற்றும் வெள்ளைத் தாளில் கொஞ்சம் தூளைப் பரப்பி, பச்சைத் தண்ணீர் தெளியுங்கள். சற்று நேரம் கழித்துத் தூளைத் தட்டிவிட்டு, வெளிச்சத்தில் பாருங்கள். மஞ்சளாகவோ சிவப்பாகவோ திட்டுத் திட்டாகப் படர்ந்திருந்தால் அது கலப்படம்.

அடுத்தது ருசி. இரண்டு கடைகளில் வாங்கிய தூளை இரண்டு கோப்பைகளில் போடுங்கள். 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் போதும். கொதிக்கும் தண்ணீரை ஊற்றி மூடி, கடிகாரம் பார்த்து 5 நிமிடம் கழித்து வடிகட்டுங்கள். பாலும் சர்க்கரையும் வேண்டாம். பால் துவர்ப்பை அமுக்கிவிடும். சர்க்கரை குறையை மறைத்துவிடும்.

வடிகட்டிய இலையை மோந்து பாருங்கள். நல்ல இலை செப்புக்காசுபோல் பளிச்சென்று இருக்கும். பிறகு ஒரு கரண்டி எடுத்துக் காற்றோடு சேர்த்து "சர்" என்று உறிஞ்சுங்கள். வாசனை மூக்கின் உட்புறம் ஏறும். நாக்கைச் சுண்டுகிறதா? சப்பென்று இருக்கிறதா? தீய்ந்த வாடை வருகிறதா? குழந்தைகூடச் சொல்லிவிடும், எது நல்ல தூள் என்று.

சோதனை முடிந்தபின் வழக்கம்போல் பால், சர்க்கரை சேர்த்துக் குடியுங்கள். யாரும் தடுக்கப்போவதில்லை!