வொஷிங் மெஷினும் ஒரு முதல்தான்!

கல்முனையிலிருந்து மட்டக்களப்புப் பக்கமாகப் பிரதான வீதியில் போனால் முதலில் பாண்டிருப்பு, அடுத்து மருதமுனை. இந்தக் கரையோர ஊர்களில் ஒரு காலத்தில் வெளிநாட்டுச் சம்பாத்தியம் உள்ள வீடுகளில் மட்டும் காணப்பட்ட வொஷிங் மெஷின், இப்போது சாதாரண வியாபாரியின் வீட்டிலும் இருக்கிறது. பெரும்பாலும் மேலே மூடி திறந்து உடுப்புப் போடும் வகை.

எங்கள் வீட்டு மெஷினும் அதே வகைதான். கடந்த பெருநாளுக்கு முன்னர் வெள்ளைச் சட்டைகளில் கறுப்புச் செதில்கள் ஒட்டத் தொடங்கின. மூடியைத் திறந்தால் புழுக்க நாற்றம். "மச்சான், இதத் தள்ளிட்டுப் புதுசொண்டு எடுங்க" என்றார் மைத்துனர். பழுதுபார்க்க வந்தவரோ மெஷினைத் திறந்து பார்க்காமலே டிரம் மாற்ற வேண்டும் என்றார். கடைசியில் மாற்றியது ஒரு பஞ்சு வடிப் பை மட்டுமே. மற்றதெல்லாம் இரண்டு மணி நேரக் கழுவலில் சரியாகிப் போனது.

வியாபாரப் பக்கத்தில் இந்தக் கதை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். கணக்கைப் பாருங்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதமளவில் 360 ரூபாவைத் தொட்டது. 250 டொலர் பெறுமதியான ஒரு பொருளுக்கு வரியும் இலாபமும் சேர்க்காமலே 50,000 ரூபா 90,000 ரூபாவாகியது. பின்னர் டொலர் ஓரளவு இறங்கினாலும் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. புதிய மெஷினுக்குப் போகும் பணம், பலருக்குக் கடையில் சரக்குப் போடும் பணம். தராசையும் குளிரூட்டியையும் முதலாகக் கருதிப் பராமரிக்கும் நாம், வீட்டு மெஷினை மட்டும் ஏன் கவனிக்காமல் விடுகிறோம்?

அழுக்கு எங்கே இருக்கிறது?

நாம் பார்ப்பது துளைகள் கொண்ட உள் தொட்டியை மட்டும்தான். அதற்கு வெளியே தண்ணீரைத் தாங்கும் இன்னொரு தொட்டி உண்டு. இரண்டுக்கும் இடைப்பட்ட இடுக்கு கண்ணுக்குத் தெரியாது. குளிர்ந்த நீரில் கரையாத சவர்க்காரத் தூள், துணியை மென்மையாக்கும் திரவத்தின் பசை, உடம்பு எண்ணெய், பஞ்சு எல்லாம் அங்கேதான் படிகின்றன. ஈரத்தில் அதன் மேல் பூஞ்சணம் வளர்கிறது. அது உரிந்து வருவதுதான் அந்தக் கறுப்புச் செதில்.

இதற்கு முதல் காரணம் அதிக தூள். "நுரை வந்தால்தான் அழுக்குப் போகும்" என்பது கைச்சலவைப் பழக்கம். மெஷினுக்கு நுரை எதிரி. உங்கள் வீட்டில் தூள் கூடுகிறதா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. உடுப்பும் தூளும் போடாமல் வெறும் தண்ணீரில் ஐந்து நிமிடம் ஓட விடுங்கள். நுரை எழுந்தால் அது பழைய தூளின் மிச்சம். அடுத்த சலவையிலிருந்து தூளைப் பாதியாக்குங்கள்.

இரண்டாவது காரணம் தண்ணீர். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை நம் கரையோரக் கிணறுகளில் உப்பு நீரை நிரப்பியதை நாம் மறக்கவில்லை. அது போகட்டும், சாதாரண நாளிலும் சில கிணற்று நீரில் சுண்ணாம்புத் தன்மை கூடுதல். கேத்திலின் அடியில் வெள்ளைப் படிவு இருந்தால் அதே படிவு மெஷினுக்குள்ளும் இருக்கும். அத்தகைய நீரில் தூள் சரியாக வேலை செய்வதுமில்லை.

மாதம் ஒரு முறை செய்ய வேண்டியது

முதலில் பிளக்கைக் கழற்றுங்கள். தண்ணீர்க் குழாயைப் பூட்டுங்கள்.

1. மெஷினின் பின்பக்கத்தில் தண்ணீர் வரும் ஹோஸைக் கழற்றினால் வாயில் சிறிய வலை தெரியும். குறட்டினால் மெதுவாக இழுத்து, பழைய பல் தூரிகையால் மணலைத் தேய்த்துக் கழுவுங்கள். "தண்ணி ஏறுதில்ல" என்ற முறைப்பாடுகளில் பலவற்றுக்கு இந்த வலைதான் காரணம்.

2. உள்ளே இருக்கும் பஞ்சு வடிப் பையை வாரம் ஒரு முறையாவது உட்புறம் வெளியே திருப்பிக் கழுவுங்கள். கிழிந்திருந்தால் மாற்றுங்கள். புதிய கைத்தறிச் சாரன்களை முதல் சில தடவை தனியாகக் கழுவுவது நல்லது. சாயமும் பஞ்சும் மற்ற உடுப்பில் ஏறாது.

3. தூள் போடும் தட்டு, மூடியின் அடிப்பக்கம், தொட்டியின் மேல் விளிம்பின் கீழ்ப்புறம் ஆகியவற்றை ஈரத் துணியால் துடையுங்கள். கைவிரல் போகும் இடமெல்லாம் பசை இருக்கும்.

4. இனிப் பிளக்கைப் போட்டு, தண்ணீர் அளவை உச்சத்தில் வைத்து வெறும் தொட்டியை நிரப்புங்கள். 'டப் கிளீன்' பொத்தான் இருந்தால் அதையே பாவியுங்கள். தொட்டி கழுவும் தூளோ, அரைக் கோப்பை வெளிற்றும் திரவமோ விட்டுச் சில நிமிடம் சுழற்றி, ஒரு மணி நேரம் ஊற விடுங்கள். பின் முழுச் சலவையும் ஓட்டி, வெறும் தண்ணீரில் மீண்டும் ஒரு முறை அலசுங்கள். சூடான நீர் ஊற்றுவதென்றால் கையேடு அனுமதிக்கும் அளவுக்கு மட்டுமே. கொதி நீர் பிளாஸ்டிக்கையும் ரப்பரையும் கெடுக்கும்.

5. சுண்ணாம்புப் படிவு இருந்தால் வேறொரு நாளில் 100 கிராம் அளவு சிற்றிக் அமிலத்தை இதே போல் கரைத்து, அரை மணி நேரத்துக்கு மேல் ஊற விடாமல் வெளியேற்றுங்கள்.

மிக முக்கிய எச்சரிக்கை: வெளிற்றும் திரவத்தையும் வினாகிரி, எலுமிச்சை, சிற்றிக் அமிலம் போன்ற புளிப்புப் பொருட்களையும் ஒருபோதும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள். சேர்ந்தால் குளோரின் என்ற நச்சு வாயு கிளம்பும். கதவு பூட்டிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

அன்றாடக் கவனம்

சலவை முடிந்ததும் உடுப்பை உடனே எடுத்து, மூடியைத் திறந்து காய விடுங்கள். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் அந்த அறையின் கதவைப் பூட்டி வையுங்கள். வியாபாரிகளின் சட்டைப் பையில் சில்லறையும் பில்லும் அதில் குத்திய ஊசியும் இருக்கும். ஒரு நாணயம் இடுக்கில் விழுந்தால் தண்ணீர் வெளியேற்றும் பம்பியே நின்றுவிடலாம்.

நான்கு கால்களும் சமமாக நிற்க வேண்டும். ஆடினால் கால்களைத் திருகிச் சரி செய்யுங்கள். பாய், தார்ப்பாய், மழை அங்கி போன்ற தண்ணீர் வடியாத பொருட்களைப் போட்டுச் சுழற்றாதீர்கள். பாரம் ஒரு பக்கம் சாய்ந்து மெஷின் துள்ளும். 2016 நவம்பரில் அமெரிக்காவில் சம்சுங் நிறுவனம் இதே வகை மெஷின்கள் சுமார் 28 இலட்சத்தைத் திரும்பப் பெறும் அறிவித்தலை விடுத்தது. படுக்கை விரிப்பு, தண்ணீர் புகாத துணி போன்ற பாரமானவற்றை வேகமாகச் சுழற்றும்போது ஏற்படும் அதிர்வில் மேல்மூடி கழன்று விடலாம் என்பதே காரணம்.

விறாந்தையில் வைத்திருப்பவர்கள் ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான மாரியில் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். கடற்காற்று இரும்பை அரிக்கும். அடிப்பக்கம் திறந்திருந்தால் எலி புகுந்து வயரைக் கடிக்கும். எர்த் இணைப்பும் டிரிப் சுவிட்சும் சரியாக வேலை செய்கின்றனவா என்று மின்னியலாளரிடம் காட்டுங்கள். மெஷினைத் தொடும்போது சிறிதாக 'ஷொக்' அடித்தாலும் அன்றே நிறுத்தி விடுங்கள்.

வியாபாரிக்கு இதில் என்ன?

தையல் கடை, சாப்பாட்டுக் கடை, சலூன் நடத்துவோர் வீட்டு மெஷினைத் தொழிலுக்கும் பாவிக்கிறார்கள். வீட்டுப் பாவனைக்கென விற்கும் மெஷினைத் தொழிலுக்குப் பாவித்தால் பல கம்பனிகளின் உத்தரவாதம் செல்லாது. அட்டையை வாசித்துப் பாருங்கள். நாளொன்றுக்கு இரண்டு மூன்று தடவை ஓடும் மெஷினுக்கு மாதம் ஒரு கழுவல் போதாது. இரு வாரத்துக்கு ஒரு முறை செய்து, திகதியைக் கொப்பியில் குறித்து வையுங்கள்.

மின்சாதனக் கடைக்காரர்களே, மெஷினை ஏற்றி அனுப்பும்போது ஐந்து நிமிடம் ஒதுக்கி வலையையும் வடிப் பையையும் கழற்றிக் காட்டுங்கள். பையும் ஹோஸும் ரப்பர் வளையமும் கடையில் வைத்திருங்கள். சில நூறு ரூபாப் பொருள்தான், ஆனால் வாங்க வருபவர் அடுத்த பொருளுக்கும் உங்களிடமே வருவார்.

வேலையில்லாத இளைஞர்களுக்கும் இதில் இடமுண்டு. தொழிற்பயிற்சி அதிகார சபை, நைட்டா போன்ற அரச நிறுவனங்களில் மின்சாரத் தொழில் பழகி என்.வி.கியூ. சான்றிதழ் எடுத்தவர், வீடு வீடாகச் சென்று மெஷின் கழுவிச் சீர்பார்க்கும் சேவையை ஒரு கருவிப் பையுடனே தொடங்கலாம். ஒரு நிபந்தனை: கழுவினால் போதும் என்ற இடத்தில் "டிரம் மாத்தணும்" என்று சொல்லக் கூடாது. சிறிய ஊரில் ஒரு வீட்டில் சொன்ன பொய் மறுநாள் பத்து வீட்டுக்குத் தெரியும். உண்மை சொன்னவரின் தொலைபேசி இலக்கமும் அப்படித்தான் கைமாறும்.

இந்த வார விடுமுறையில் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் மெஷினின் பின்பக்கத்து வலையைக் கழற்றிப் பாருங்கள். மற்றதை அதுவே சொல்லும்.