ஓர் ஆளியில் இரு வலைகள்

உரும்பிராய்த் தோட்டங்களில், ஒரே கிணற்று நீரை வாய்க்கால் வாயை மண்ணிட்டு அடைத்தும் திறந்தும் வேண்டிய பாத்திக்கு மட்டும் பாய்ச்சுவதை நேயர்கள் கண்டிருப்பீர்கள். கணினிகளை வடங்களால் ஒன்றிணைக்கும் ‘ஆளி’ என்னும் கருவியிலும் இத்தகைய பிரிவினை இயலும்.

பாடசாலையொன்றில் மாணவர் கணினிகளும், புள்ளிப் பதிவேடுள்ள அலுவலகக் கணினியும் ஒரே வலையில் இருப்பின், ஆர்வம் மிகுந்த மாணவனொருவன் பதிவேட்டின் கதவைத் தட்டிப் பார்த்தல் கூடும். அதற்காக இரண்டாவது ஆளி வாங்க வேண்டுவதில்லை. ஆனால், உள்ள ஆளி அமைப்பை மாற்றத்தக்க வகையினதாக இருத்தல் வேண்டும். மிக மலிவானவற்றில் இவ்வசதி கிடையாது.

24 துறைகளுள் 1 முதல் 16 வரை மாணவர்க்கென 10ஆம் எண் வலையிலும், 17 முதல் 23 வரை அலுவலகத்துக்கென 20ஆம் எண் வலையிலும் சேர்க்கலாம். இவையே ‘வீலான்’ எனப்படும் மெய்நிகர் வலைகள். 24ஆம் துறை இரண்டையும் வழிப்படுத்திக்குச் சுமந்து செல்லும் பொதுத்தடம். அங்கே கலந்துவிடாதிருக்க, ஒவ்வொரு தரவுப் பொதியிலும் வலையெண் பொறித்த 4 பைற்று அடையாளம் சேர்க்கப்படும். 1998இல் அங்கீகரிக்கப்பட்ட 802.1கியூ நியமம் வகுத்த முறை இது.

இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். வழிப்படுத்தியில் தடைவிதி இடாவிடின், பிரித்த இரு வலைகளும் அதன்வழியே மீண்டும் சந்தித்துக்கொள்ளும். மாணவர் கணினியிலிருந்து அலுவலகக் கணினியை அழைத்துப் பாருங்கள்; மறுமொழி வரலாகாது.

அமைப்பைச் சேமிக்கவும் மறவாதீர்கள். நான் மறந்தேன். மின்சாரம் ஒருமுறை நின்று வந்தது. பாத்திகள் யாவும் ஒரே வெள்ளமாயின.