காளானில் பல வகை – கவனம் தேவை சகோதரிகளே!



ஐப்பசி மழை பெய்த மறுநாள் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். ஆடு மேய்க்கப் போன உறுப்பினர் ஒருவர் மடி நிறையக் காளான் பறித்து வந்திருந்தார். "புத்துக் காளான் மாதிரிதான் இருக்கு மேடம். மஞ்சள் போட்டு வேகவச்சா விஷம் இருந்தாலும் முறிஞ்சிடும்" என்றார். பக்கத்தில் இருந்தவர், "வெள்ளிக் கொலுசைப் போட்டுப் பாரு, கறுத்தா விஷம்" என்றார். இரண்டுமே தவறு. அன்று பேசியதை எல்லாக் குழுக்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றே இதை எழுதுகிறோம்.

காளான் செடியா?

இல்லை. செடிக்குப் பச்சையம் உண்டு. வெயிலை வைத்துத் தன் உணவைத் தானே தயாரிக்கும். காளானுக்குப் பச்சையம் கிடையாது. மக்கிய இலை, மரக்கட்டை, சாணம், வைக்கோல் இவற்றில் இருந்து உணவை எடுத்துக்கொள்ளும். மண்ணுக்குள் நூல் நூலாகப் படர்ந்திருப்பதுதான் அதன் உடம்பு. மேலே தெரியும் குடை, மரத்துக்குக் காய் மாதிரி.

இதன் சொந்தக்காரர்கள் நிறைய. ஊறுகாயில் பிடிக்கும் பூஞ்சணம், ரொட்டி மாவை உப்ப வைக்கும் ஈஸ்ட் எல்லாம் இந்தக் குடும்பம்தான். விஞ்ஞானிகள் இதுவரை பெயர் வைத்தவை சுமார் ஒன்றரை லட்சம். இன்னும் பல லட்சம் இருக்கும் என்கிறார்கள்.

இவை செய்யும் நன்மை

குப்பையை மக்க வைத்து எருவாக்குவதில் இவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. 1928-ல் அலெக்சாண்டர் ஃப்ளெமிங் பென்சிலின் மருந்தைக் கண்டறிந்ததும் ஒரு பூஞ்சணத்தில் இருந்துதான். புற்றுக்குள் கரையான் வளர்க்கும் பூஞ்சைதான் மழைக்குப் புற்றுக் காளானாக மேலே வருகிறது.

நாம் குழம்புக்குத் தாளிக்கும் கல்பாசியும் தனிச் செடி இல்லை. பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் கூட்டுக் குடும்பம். பூஞ்சை இருக்க இடம் தருகிறது. பாசி வெயிலில் உணவு தயாரித்துத் தருகிறது. ஒன்றுக்கொன்று கைகொடுப்பதில் நம்ம குழு மாதிரிதான்! இது மிக மெதுவாக வளரும். ஆகவே மலைப் பகுதிச் சகோதரிகள் கல்பாசி எடுக்கும்போது மரத்தை முழுக்கச் சுரண்டாமல் கொஞ்சம் விட்டு வையுங்கள்.

ஆபத்து எங்கே?

நல்ல காளானும் விஷக் காளானும் அக்கா தங்கை மாதிரி ஒரே சாயலில் இருக்கும். அசாமில் 2022 ஏப்ரலில் காட்டுக் காளான் சாப்பிட்டு 13 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள்.

ஈரலைக் கெடுக்கும் காளான் விஷம் வேகவைத்தாலும் போகாது. மஞ்சள், புளி எதுவும் அதை முறிக்காது. வெள்ளி கறுக்காது. ஆடு தின்றது, பூச்சி அரித்தது என்றும் நம்பக் கூடாது. சாப்பிட்டு 6 மணி நேரத்துக்கு மேல் கழித்துத்தான் வாந்தி, பேதி வரும். பிறகு நின்றுவிடும். "சரியாப் போச்சு"ன்னு இருப்போம். ஆனால் உள்ளே ஈரல் கெட்டுக்கொண்டே இருக்கும்.

செய்ய வேண்டியவை

* துளி சந்தேகம் இருந்தாலும் சமைக்காதீர்கள்.
* குழந்தைகள் பறித்து வந்த காளானை அப்படியே சட்டியில் போடாதீர்கள்.
* சாப்பிட்டவருக்கு வாந்தி, பேதி வந்தால் கை வைத்தியம் பார்க்காமல் உடனே 108-ஐ அழையுங்கள். மீதிக் காளானையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.
* கூடச் சாப்பிட்ட எல்லோரையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அன்று அந்த உறுப்பினர் கேட்டார்: "கறி வாங்கக் காசு இல்லாத வீட்டுக்கு இதுதானே மேடம் கறி?" நியாயமான கேள்வி. புற்றுக் காளானை நன்றாகத் தெரிந்த பெரியவர்கள் ஊரில் உண்டு. அவர்களும் தயங்கினால் விட்டுவிடுவதே நல்லது. வைக்கோலும் ஒரு சின்னக் கொட்டகையும் இருந்தால் சிப்பிக் காளானை நாமே வளர்க்கலாம். விதையும் பயிற்சியும் பற்றி வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள்.

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அவர் மடியில் இருந்ததைக் குழி தோண்டிப் புதைத்தார். அடுத்த கூட்டத்தில் இதை உங்கள் குழுவிலும் வாசித்துக் காட்டுங்கள்.