போனுக்குள்ள ஒரு ஓலைக்கடை

விறாந்தையில் செருப்பைக் கழற்றி வைக்க இடமில்லை. எங்கு பார்த்தாலும் சிரட்டை. ஒரு காலைத் தூக்கியபடி நிற்கிறேன், உள்ளேயிருந்து குரல் வருகிறது: "மிதிச்சிராத மனே, அது கனடா போற சாமான்!"

ஆரையம்பதியில் வாவிப் பக்கமாக இறங்கும் ஒரு ஒழுங்கை. வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. கடை இருப்பது பேஸ்புக்கிலும் வாட்ஸ்அப்பிலும்தான். அந்தப் பக்கத்தைப் பார்ப்பவர்களுக்கு அழகான வெள்ளைச் சுவரும், அதில் சாய்ந்து நிற்கும் சிரட்டை அகப்பையும், பக்கத்தில் நான்கு மல்லிகைப் பூவும் தெரியும். வந்ததும் நான் தேடியது அந்த வெள்ளைச் சுவரைத்தான். அது கொடிக்கயிற்றில் தொங்கும், வீட்டுப் பாட்டி பெத்தாவின் சேலை! வாங்க, உள்ளே போவோம். இன்னும் நிறைய இருக்கிறது.

படமெடுப்பது உயர்தரம் படிக்கும் பேரன். வெளிச்சம் திருப்ப பிஸ்கட் டின்னின் மூடி, அதைப் பிடித்தபடி முறைத்துக்கொண்டு தங்கை. பன்பாய்த் துண்டை விரித்து, பிளேன்டீக் கோப்பையை வைத்து, "அசையாத" என்று சொல்லி முடிக்கவில்லை, வீட்டுப் பூனை வந்து பாயின் நடுவில் படுத்துக்கொண்டது. விரட்டப் போன என்னைத் தடுத்தான். "விடுங்க. பூனை விழுந்த படத்துக்குத்தான் லைக் கூட." கோழி வந்தால் மட்டும் அனுமதியில்லையாம். காரணம் கேட்டேன், பாயைக் காட்டினான். புரிந்தது.

இந்தக் கடைக்கு அடிக்கல் நாட்டியது அரசாங்கம் என்று சொன்னால் பேரனின் அம்மா, நான் அக்கா என்று கூப்பிடுபவர், சிரிக்கிறார். ஆனால் கதை அப்படித்தான். 2017 செப்டம்பரில் மெல்லிய பொலித்தீனும் ரெஜிபோம் சோற்றுப் பெட்டியும் தடையாயின. 2021இல் சின்ன சஷே பைக்கற்றுகளின் முறை. 2023 ஒக்டோபர் 1 முதல் உறிஞ்சுகுழாய், கரண்டி, கோப்பையோடு பிளாஸ்டிக் இடியப்பத் தட்டும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. அதெல்லாம் சந்தையிலிருந்து அடியோடு மறைந்துவிட்டதா என்று என்னிடம் கேட்காதீர்கள். இந்த வீட்டில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். செய்தியைக் கேட்ட பெத்தா, பரணிலிருந்து பழைய ஈர்க்குத் தட்டொன்றை இறக்கித் தூசு தட்டி, "என்ட தட்ட எறிஞ்சு போட்டு பிளாஸ்டிக் வாங்கினவளுகள் எல்லாம் இனி இஞ்சதான் வருவாளுகள்" என்றாராம். பேரன் அதைப் படமெடுத்துப் போட்டான். வெள்ளவத்தையிலிருந்து ஒருவர் விலை கேட்டார். விலை என்னவென்று வீட்டில் யாருக்கும் தெரியாது!

பின்வளவுக்கு வாருங்கள், வேர்வை அங்கேதான். பன் கட்டுகள் படுவான்கரையிலிருந்து வருகின்றன. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை பாதைப் படகுக்குக் காத்திருந்துதான் வாவியைக் கடக்க வேண்டும். இப்போது அக்காவின் கணவர், அத்தான், மோட்டார்சைக்கிளில் போய் வருகிறார். கட்டின் உயரத்தில் ஆளே தெரியாது, முன்சில்லு மட்டும் தெரியும் என்கிறார் அக்கா. அடுப்பில் சாயப்பானை கொதிக்க, முகம் சிவந்து, கை ஊதாவாகி நிற்கிறார் மனிதர். ஊர்க்காரருக்கு ஊதாவும் பச்சையும் இல்லாவிட்டால் அது பாயே இல்லை. கொழும்புக்காரரும் வெளிநாட்டுக்காரரும் சாயமே வேண்டாம், இயற்கை நிறம்தான் வேண்டும் என்கிறார்கள். "இயற்கை நிறமெண்டா எங்கட ஊரில சாயம் முடிஞ்சு போச்செண்டு அர்த்தம்" என்று அத்தான் சொல்ல, சாயப்பானையே குலுங்கும்படி சிரித்தோம்.

பெத்தா மாமரத்தடியில். உடைந்த கண்ணாடித் துண்டால் சிரட்டையைச் சுரண்டுகிறார். தும்பு போய், கபில நிறம் தெளிந்து, கடைசியில் தேங்காயெண்ணெய் பட்டதும் கறுப்பாக மினுங்குகிறதே, அதைப் பார்க்க இன்னொரு தடவை வரலாம். விரல்நுனியால் விளிம்பைத் தடவிப் பார்க்கிறார், ஓரிடத்தில் நிற்கிறார், மறுபடி சுரண்டல். கண்ணாடி போடுங்கள் பெத்தா என்றால், "கண்ணாலயா மனே இது பாக்கிற?" என்கிறார்.

இந்த வீட்டின் மிகப்பெரிய சண்டை ஒரு சி.ஆர். கொப்பியில் இருக்கிறது. காட்டவே மாட்டேன் என்ற அக்காவிடம் கெஞ்சி வாங்கினேன். அகப்பை: சிரட்டை, மூங்கில் பிடி, எண்ணெய், கூலி. கூலிக்கு நேரே பெத்தா சொல்லி எழுதிய 'சும்மா'. அதைச் சிவப்பு மையால் வெட்டி, 'ஒன்றரை மணித்தியாலம்'. அதற்குக் கீழே பேரனின் எழுத்தில் மறுபடி 'சும்மா??'. "சும்மா இருந்த நேரத்தில செய்ததுக்கு ஏன்கா காசு?" என்பது பெத்தாவின் கேள்வி. "நீங்க எப்பம்மா சும்மா இருந்தீங்க?" என்பது அக்காவின் கேள்வி. நான் அக்கா பக்கம். பிளாஸ்டிக் கரண்டியோடு விலையை ஒப்பிட்டுப் பேரம் பேசுகிறவர்கள் இந்தக் கொப்பியை ஒருமுறை புரட்ட வேண்டும்.

மார்கழி மழை இவர்களுக்கு எதிரி. ஓலையில் பூஞ்சணம் பிடிக்கும். அதனால் சரக்கெல்லாம் அடுப்புக்கு மேலே பரணில் ஏறிவிடும், கூடவே புகை மணமும். "இது ஏன் புகை மணக்குது?" என்று ரொறன்ரோவிலிருந்து ஒரு அம்மா கேட்க, பெத்தா குரல்பதிவில் சொன்ன பதில்: "வெயில்ல ரெண்டு நாள் வைங்க புள்ள. மறுகா இடியப்பம் மட்டும்தான் மணக்கும்." அங்கே பனி கொட்டுகிற காலம் என்று பேரன் பிறகுதான் சொன்னானாம்.

பொதி கட்டும் அறையில்தான் உண்மையான நாடகம். பிளாஸ்டிக் இல்லாத வீட்டுச் சாமானைப் பிளாஸ்டிக்கில் சுற்றி அனுப்புவதா? அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. உள்ளே வாழைச்சருகு, மேலே பழைய பேப்பர், அதற்கு மேல் அத்தானின் பழைய சாரத்தை வெட்டித் தைத்த பை, கோதுமை மாப் பசையில் ஒட்டிய விலாசம். எல்லாம் முடிந்து பெருமையோடு நீட்டினால், கூரியர் தம்பி பொலித்தீன் உறையை எடுக்கிறான். மழையில் நனைந்தால் பொறுப்பு அவன் தலையில். இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. கடைசியில் ஒரு சமாதானம்: மற்ற வீடுகளில் பிரித்த உறைகளை அவன் சேர்த்துக்கொண்டு வருவான், உட்பக்கத்தை வெளியே திருப்பி அதிலேயே போட வேண்டும். எட்டாம் வகுப்புத் தங்கைக்கு அதுதான் இப்போது வேலை. ஒரு உறை திருப்ப ஒரு ரொபி கூலி. அவள் 'சும்மா' செய்கிற ஆளில்லை.

தேத்தண்ணி வருவதற்குள் போன் கீச்சிட்டது. களுவாஞ்சிகுடியில் கல்யாண வீடு, இடியப்பத் தட்டு 100, வருகிற வெள்ளிக்கிழமைக்கு வேண்டும். கையிருப்பு 31. பெத்தா ஈர்க்கை ஊறப் போடச் சொல்கிறார், அக்கா பக்கத்து வளவு மச்சியைக் கூப்பிடுகிறார், அத்தான் ஊதாக் கையோடு மோட்டார்சைக்கிளை உதைத்துவிட்டு ஹெல்மெட்டைத் தேடுகிறார். ஹெல்மெட்டுக்குள் எண்ணெய் பூசிய அகப்பைகள் காய்ந்துகொண்டிருக்கின்றன.

"அத எடுக்காதீங்க அப்பா," என்கிறான் பேரன், "அது நாளைக்குப் படத்துக்கு."