சிங்கப்பூர் வெப்பத்தில் அசிட்டோனை நிறுப்பது எப்படி?

தேக்கா பக்கம் பஃபலோ ரோட்டில் நடந்தால், பூக்கடை கண்ணில் படும் முன்பே மல்லிகை மூக்கைத் தொட்டுவிடும். பூவிலிருந்து ஆவியாகிப் பறந்து வந்த மூலக்கூறுகள்தான் அந்த வாசம். இப்படிப் பறந்துவிடும் பொருளின் மூலக்கூறு எடையைக் கண்டறிய, 1826இல் பிரெஞ்சு வேதியியலர் டூமா அந்தப் பறக்கும் குணத்தையே பயன்படுத்திக்கொண்டார். வெப்பநிலையும் அழுத்தமும் ஒன்றாக இருந்தால், ஒரே அளவு இடத்தில் எந்த வாயுவுக்கும் மூலக்கூறுகளின் எண்ணிக்கை ஒன்றுதான். குடுவை நிறைய ஆவி எத்தனை கிராம், எத்தனை மோல் என்று தெரிந்தால் போதும், வகுத்துவிடலாம்.

நகப்பூச்சை அழிக்கும் அசிட்டோனையே எடுத்துக்கொள்வோம். கூம்புக் குடுவையை அலுமினியத் தாள், ரப்பர் பட்டையோடு முதலில் நிறுக்க வேண்டும். பிறகு 3 மில்லிலிட்டர் அசிட்டோனை ஊற்றி, தாளால் வாயை மூடி, ஊசியால் ஒரு துளை. கொதிநீரில் கழுத்துவரை இறக்கினால், 56 டிகிரியிலேயே கொதிக்கும் அசிட்டோன் உள்ளிருக்கும் காற்றை விரட்டிவிட்டு, மிஞ்சியதும் துளை வழியே வெளியேறும். மின்னடுப்பில்தான் செய்ய வேண்டும். தீச்சுடர் கிட்டவே வரக்கூடாது. கடைசிச் சொட்டு மறைந்ததும் எடுத்து, ஆறவிட்டு, துடைத்து மறுபடி நிறுக்க வேண்டும். ரப்பர் பட்டைக்கு அடியில் ஒரு துளி நீர் ஒளிந்திருந்தாலும் விடை ஐந்து கூடிவிடும். இந்த ஊர் ஈரக்காற்றில் அது தானாக உலரும் என்று நம்ப வேண்டாம்.

குடுவை விளிம்புவரை 290 மில்லிலிட்டர் பிடிக்கிறது என்று வைப்போம். கடல்மட்டத்தை ஒட்டிய ஊர் என்பதால் அழுத்தம் சுமார் 101 கிலோபாஸ்கல், நீர் கொதிப்பது 100 டிகிரியில், அதாவது 373 கெல்வினில். ஊட்டியில் செய்தால் இரண்டுமே குறையும். சிங்கப்பூர்க் கணக்கில் ஆவி சுமார் 0.0095 மோல், அதன் எடை 0.55 கிராம் வர வேண்டும்.

தராசு காட்டுவதோ 0.43 கிராம் அளவுதான். விடை 45 என்று வந்து மாணவர் திகைத்துப்போவார். செய்முறையில் பிழையில்லை, காரணம் அறையின் 30 டிகிரி வெப்பம். ஆறிய பிறகும் அசிட்டோன் முழுதும் நீர்மமாகிவிடாது. அதன் ஆவி ஏறக்குறைய 38 கிலோபாஸ்கல் அழுத்தத்தோடு உள்ளே நிற்கும். அந்த அளவுக்குக் காற்று திரும்ப நுழையாது. முதல் நிறுவையில் இருந்து, இரண்டாவதில் இல்லாமல்போன அந்தக் காற்றின் எடை சுமார் 0.12 கிராம். குளிர்சாதன அறையில் நிறுத்தால் பிழை கொஞ்சம் குறையும், ஒழியாது. 0.12ஐக் கூட்டிக்கொண்டு மறுபடி வகுத்தால் 58 வருகிறது: மூன்று கார்பன், ஆறு ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன்.