பகலில் தூங்குகிறவன் சோம்பேறியா?

விடியுமுன் பெரட்டுக்கு ஓடிய காலத்தில், இரவு எட்டுக்கெல்லாம் லயம் அடங்கிவிடும். இன்று பேராக் தோட்டங்கள் பல தாமான்களாகிவிட்டன. நம் பிள்ளைகளுக்கு ஈப்போ தொழிற்சாலைகளில் இரவு ஷிப்ட். பகலில் படுத்தால், "சோம்பேறி" என்று பெருசுங்க ஏசுறாங்க.

சோம்பலில்லை, தோழர்களே! மூளைக்குள் ஒரு கடிகாரம் உண்டு. கண்ணில் படும் வெளிச்சம்தான் அதற்குச் சாவி. வெயில் ஏறினால் அது தூங்க விடாது. தூக்கம் சுமார் 90 நிமிடச் சுற்றுகளாக ஓடுவது: லேசான தூக்கம், உடம்பைத் தேற்றும் ஆழ்ந்த தூக்கம், 1953-இல் சிகாகோ ஆய்வாளர்கள் அறிவித்த, கண்மணி உருளும் கனவுத் தூக்கம். பகலில் சுற்றுகள் குறையும். அந்தக் கடன்தான், வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் திரும்பும்போது கண்ணைச் செருக வைக்கிறது, உயிரையே வாங்கிவிடும்.

பிள்ளை படுக்கும் அறையை இருட்டாக்குங்கள். ஷிப்டுகளுக்கு நடுவே போதிய ஓய்வைச் சங்கத்தில் நாம் கேட்போம். கூலியைப் போலத் தூக்கமும் உரிமைதான்!